இருபத்து நாலு ஜிலேபி மீன்

எங்கள் அத்தையின் கல்யாணத்தை முடித்துவைத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தரகருக்கும் ஜோசியருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று வீட்டில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். காரியத்தை முடித்தது என் நாக்கு. அதைப் பல வருஷங்கள் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. முடிச்சூரில் மனைக்குக் கல் நடுகிறவர்கள் வரத் தொடங்கியிருந்தாலும் எங்கள் அப்பா இன்னும் நெல்லைத்தான் நட்டுக்கொண்டிருந்தார். அத்தை அவருக்கு ஒரே தங்கை. அவளுக்கு ஆறு வயதாகும்போதே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, ‘புருஷனோடு ஒரு பெண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்’ என்று ஊரில் கேலியாகச் சொல்வாளாம். அப்பா கிழித்த கோட்டை அத்தை ஒருநாளும் தாண்டியதில்லை. எதிர்த்துப் பேசுவது என்பது அவளுக்கு வராது; அப்பாவும் அப்படி ஒன்று வரக்கூடும் என்று நினைத்ததில்லை.

பத்தாவது முடித்துவிட்டு அத்தை தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். லோயர் பாஸ் செய்து, ஹையர் பரீட்சைக்கு எழுதிப்போட்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் விரல்கள் தொடைமேல் எதையாவது அடித்துக்கொண்டிருக்கும். என்ன அடிக்கிறாய் என்று கேட்டால், “உன் பேரைத்தான்” என்பாள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த புதிதில் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை, “அண்ணா, ரெண்டு வருசம் போவட்டுமே, பரீட்ச முடிச்சிட்டு எங்கியாச்சும் வேலைக்குப் போயி...” என்று இழுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். “வயசு இன்னா போயிட்டுத் திரும்பி வருமா?” என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

முதலில் வந்த சம்பந்தம் பெண் பார்த்த அன்றே நின்றது. காபித் தட்டோடு வந்த அத்தை காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். முள் குத்திவிட்டது என்று நாங்கள் சொன்னோம், வந்தவர்கள் நம்பவில்லை. இரண்டாவது சம்பந்தத்தில் காலெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அத்தைக்கு இருமல். வேறு ஊரில் பெண் இருமினால் கஷாயம் வைத்துக்கொடுங்கள் என்பார்கள். தாம்பரம் காசநோய் சானடோரியத்துக்குப் பக்கத்து ஊரில் கல்யாணப் பெண் இருமினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்பா பதறிப்போய் அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். படம் எடுத்துப் பார்த்ததில் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தைக்கு ராசி சரியில்லை என்று முடிவு செய்து, அம்மா பல்லாவரத்துப் பக்கம் ஒரு கோயிலுக்கு விளக்குப் போட வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது சம்பந்தம் மேடவாக்கத்திலிருந்து வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், ஒரே பையன். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அன்றைக்கு அத்தை நொண்டவும் இல்லை, இருமவும் இல்லை. அப்பா அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார். இனிப் பூ வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் ‘கை பார்ப்பது’ ஒன்று இருந்தது.

எங்கள் ஆட்களிடம் மட்டும் இருந்த வழக்கம் அது. மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுக்கு வருவாள். கூடையில் பொடி மீன் கொண்டுவருவாள். பெண் அதை அவள் கண்ணெதிரே ஆய்ந்து, வறுத்து, இலையில் வைக்க வேண்டும். “பெரிய மீன யார் வோணா அறுப்பா, பொடி மீனுலதான் பொண்ணு கை தெரியும்” என்று அதற்கு ஒரு வசனமும் உண்டு. செதில் ஒன்று மிச்சமிருக்கக் கூடாது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏரிச் சேறு நாறும். எல்லாவற்றையும்விட முக்கியம் பித்து. ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பை இருக்கும். அது உடைந்தால் அந்த மீன் அவ்வளவுதான். எத்தனை தண்ணீரில் கழுவினாலும், எத்தனை மிளகாய் தடவினாலும் கசப்புப் போகாது. பித்து உடைந்த மீனை மாப்பிள்ளையின் அம்மா வாயில் வைத்துவிட்டால், “கை சுத்தமில்ல” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். சம்பந்தம் முறிந்துபோகும். யாரும் சண்டைக்குப் போக முடியாது, கெஞ்சவும் முடியாது.

அத்தைக்கு அதில் என்ன பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எங்கள் வீட்டில் மீன் ஆய்கிற வேலை சின்ன வயதிலிருந்தே அவளுடையது. கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். குடலும் ஈரலும் பித்தும் ஒரே கொத்தாக வெளியே வரும். அவள் ஆய்ந்த மீனில் ஒருநாளும் கசப்பை நான் கண்டதில்லை. அம்மா அவசரத்தில் ஆய்ந்தால் பத்துக்கு ஒன்று கசக்கும். அப்பா முதல் வாயிலேயே அம்மாவிடம், “இது உன் கையி” என்று கண்டுபிடித்துவிடுவார்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி இருக்கும், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி; இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் வாழையிலை போட்டு மூடிய ஒயர்கூடை. “சொல்லாம வந்தாதான் வூடு இன்னா மாதிரி கீதுன்னு தெரியும், இன்னா சொல்ற?” என்று எங்கள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கூடையைக் கூடத்தில் இறக்கி இலையை விலக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஜிலேபி மீன்கள். இனிப்புப் பலகாரத்தின் பேரை இந்த முள் பிடித்த மீனுக்கு வைத்த மகராசன் யாரோ. “இருபத்தி நாலு கீது. எண்ணித்தான் எட்த்தாந்தேன்” என்றாள்.

அன்று காலையில் அப்பாவும் ஏரியிலிருந்து அதே ஜிலேபி கொண்டுவந்திருந்தார். அத்தை அதை ஆய்ந்து, உப்பும் மஞ்சளும் தடவி, மண்சட்டியில் போட்டு அடுப்பங்கரை மூலையில் வைத்திருந்தாள். அம்மா அந்தச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடி, இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: “நீ அத்த பக்கத்துலயே குந்து. இன்னா கேக்குறாளோ எட்த்துக் குடு. இதுவும் நின்னு போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டாரு.”

அதைச் சொல்லும்போது அம்மாவின் விரல்கள் சில்லிட்டிருந்தன. பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இந்தக் கல்யாணம் என் தலையில்தான் நிற்கிறது என்று அந்த நொடியிலேயே எடுத்துக்கொண்டேன்.

கொல்லையில் முருங்கை நிழலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மடக்கு நாற்காலி போட்டோம். பத்தடி தள்ளி, துவைக்கிற கல் பக்கத்தில் அத்தை அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். நான் சாம்பல், கல்லுப்பு, இரண்டு குடம் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். அத்தை முதல் மீனைச் சாம்பலில் புரட்டினாள். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சீவினாள். செட்டையை நறுக்கி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, கட்டைவிரலை விட்டுச் சுழற்றினாள். கொத்தாக வந்தது. கறுப்புத் தோலை உப்புப் போட்டுக் கல்லில் தேய்த்தாள். நாற்காலியிலிருந்து ஒரு தலையாட்டல். இரண்டாவது மீனும் அப்படியே. நான் மூச்சு விட்டேன்.

மூன்றாவது மீனில் கட்டைவிரல் உள்ளே போனது, சுழலவில்லை. நின்றது. நகம் ஒரு தடவை அழுந்தியது. அவள் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்குப் பச்சையாக ஒரு கோடு இறங்கியது.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது, அதாவது புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்: பயத்தில் என் கை தவறிவிட்டது, எப்படியாவது என்னைக் காப்பாற்று.

“இன்னாமா, கை நின்னு போச்சு?” நாற்காலியிலிருந்து குரல்.

“முள்ளு குத்திச்சும்மா.”

“ஜிலேபி முதுகுல ரம்பம் கீது. பாத்து.”

நான் அவசரமாகச் செம்பில் தண்ணீர் மொண்டு அத்தையின் கைமேல் ஊற்றினேன். பச்சைக் கோடு கரைந்து செதில்களோடு ஓடியது. அவள் அந்த மீனை மற்றதோடு சேர்த்துப் போட்டாள். அடுத்த இரண்டு சுத்தமாக வந்தன. அதற்கடுத்தது மறுபடியும் பச்சை. நான் மறுபடியும் ஊற்றினேன். இப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்துவிடுவாளோ என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அத்தைக்கு வியர்க்கவே இல்லை. அவள் கை நடுங்கவும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்? அவள் பயந்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்ட பிறகு கண் பார்த்ததை மனசு எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்து நாலையும் அலசி, உப்பும் மஞ்சளும் தடவி அலுமினியத் தட்டில் அடுக்கி அடுப்பங்கரையில் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் தடவியதும் பித்துக் கறை கண்ணுக்குத் தெரியவில்லை. விருந்தாளிகளைக் கூடத்தில் உட்காரவைத்து அம்மா காபி கொடுத்தாள். “மூஞ்சி கழுவிகினு வேற பொடவ கட்டிகினு வா, அப்பால வறுக்கலாம்” என்று அத்தையை அறைக்குள் அனுப்பினாள். அடுப்பங்கரையில் நான் மட்டும் இருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எண்ணிக்கொண்டு வந்தவள். ஏழைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் மூலையில் எங்கள் சட்டி இருந்தது. அதே ஏரி மீன், அதே அளவு, அதே மஞ்சள், காலையில் அதே அத்தை ஆய்ந்தது. ஏழை எடுத்து அங்கே போட்டு, அங்கிருந்து ஏழை இங்கே வைத்தால் முடிந்தது. ஆனால் எந்த ஏழு? கண்ணால் பார்த்துத் தெரியாது. மோந்து பார்த்தேன், எல்லாம் மீன் வாடைதான். வேறு வழியில்லை. முதல் மீனின் வயிற்றைப் பிளந்து உள்ளே நாக்கை வைத்தேன்.

உப்பு, மஞ்சள், சேறு. குமட்டியது. இரண்டாவதை எடுத்தேன். நாலாவது மீனில் கசப்பு நாக்கின் அடியில் போய் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பவும் இடமில்லை, பாவாடையில் நாக்கைத் துடைத்துக்கொண்டு அந்த மீனைச் சட்டிக்கு மாற்றினேன். ஒரு கசப்பு வந்துவிட்டால் அடுத்த மீனும் கசக்கிற மாதிரியே இருக்கும். ஒரு சிட்டிகை உப்பை வாயில் போட்டு எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததை நக்க முடியும். கூடத்தில் காபி டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அறையில் அத்தையின் வளையல் சத்தம் கேட்டது. யார் முதலில் வந்தாலும் என் கதை முடிந்தது.

ஆறு மீன் மாற்றியாகிவிட்டது. பதினேழாவதோ பதினெட்டாவதோ வாயில் இருக்கும்போது கதவோரம் நிழல் விழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா.

“இன்னாடி பண்ற?”

மீனை வாயிலிருந்து எடுத்தேன். பொய் அதுவாக வந்தது. “உப்பு பாக்கறேன்.”

“பச்ச மீனுலயா?”

“ஆமா.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, அவசரமே இல்லாமல் அண்ணாந்து குடித்தாள். என் கையில் அந்த மீன். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நல்ல வூடுதான் போ” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இருபத்திரண்டாவது மீனில் ஏழாவது கசப்புக் கிடைத்தது. அதையும் மாற்றிவிட்டுச் சட்டியை மூடியபோது அத்தை கனகாம்பர நிறப் புடவையில் உள்ளே வந்தாள். நான் அவளைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

வறுத்த மீனை இலையில் வைத்தது அத்தைதான். சோறு, ரசம், மீன். மாப்பிள்ளையின் அம்மா மீனை உடனே தின்னவில்லை. வயிற்றுப் பக்கத்தை விரலால் பிட்டு, மோந்து, பிறகுதான் வாயில் போட்டாள். அப்பா தோளில் துண்டோடு சுவரோரம் நின்றார்; மூக்கின் நுனியில் வியர்வை. அம்மா ரசக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அத்தை மட்டும் அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து, அந்த அம்மாவின் வாயையே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் புடவைமேல் மெதுவாக டைப் அடித்துக்கொண்டிருந்தன.

ஒரு மீன் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதைப் பிட்டபோது அத்தையின் நெற்றியில் லேசாகச் சுருக்கம் விழுந்தது. நாலாவதும் தலைவரைக்கும் போயிற்று. அப்போது மாப்பிள்ளையின் அக்கா சிரித்தாள்.

“யம்மா, இந்த ஊட்ல ஒரு கூத்தப் பாத்தியா? இந்தப் பொண்ணு அடுப்பங்கரையில குந்திகினு ஒவ்வொரு பச்ச மீனா எட்த்து நக்கிகினு கீது. கேட்டா உப்பு பாக்குதாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். அத்தையின் விரல்கள் நின்றன. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவிக்கொண்டு வந்து, அத்தையின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். “கை சுத்தம். எனக்கு வேற ஒண்ணும் வோணாம். வர்ற வெள்ளிக்கெழம பூ வெக்க வர்றோம்” என்றாள். ஆட்டோ ஏறும்போது ஏதோ ஞாபகம் வந்தவளாக, “அந்த டைப்படிக்கிற கிளாசெல்லாம் போதும்பா. எங்க வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல” என்று அப்பாவிடம் சொன்னாள். “சரிங்க” என்றார் அப்பா.

ஆட்டோ போனதும் அத்தை என்னைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனாள். செதில்கள் இன்னும் கல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தன.

“எத்தினி மாத்தின?”

“ஏழு. எல்லாத்தையும் கரெக்டா கண்டுபுட்ச்சிட்டேன் அத்த. நம்ம சட்டியில மேலாப்புல கீது. தூக்கிப் போட்டுடலாமா?”

“வோணாம். நான் பாத்துக்கறேன்.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா.”

அவள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் தலைமேல் முகத்தை வைத்து அழுதாள். சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. கல்யாணம் நிச்சயமானால் பெண்கள் அழுவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அம்மா அவளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரியே நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். “எதுக்கு அழுவுற? அதான் நான் இருந்தேன் இல்ல?” என்றேன்.

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. இருபத்தாறு வயதில், என் குடும்பம் என்று ஆனபிறகு, குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் ஜிலேபி ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பித்து தவறி உடைகிறபோது கத்தி பட்டுத்தான் உடையும். கட்டைவிரல் சுழலும்போது தானாக உடையாது. நகத்தை வைத்து அழுத்தினால்தான் உடையும். கை கழுவிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலில் முள்ளும் குத்தவில்லை, நெஞ்சில் சளியும் இல்லை. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாதவள், வருகிறவர்கள் வேண்டாம் என்று சொல்ல வழி தேடியிருக்கிறாள். கை சுத்தமில்லாதவள் என்ற பேரை ஆயுசுக்கும் சுமக்கத் தயாராகத்தான் அந்த ஏழையும் நகத்தால் அழுத்தியிருக்கிறாள். கண்ணை மூடித் திறந்தது என்னிடம் உதவி கேட்டு அல்ல. பேசாமல் இரு என்றாள். நான்தான் பேசாமலும் இருந்து, சும்மா இருக்காமலும் போனேன்.

அத்தை மேடவாக்கத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், மூன்று மாடி வீடு, கீழே கடைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். மாமா தங்கமானவர். ஆகவே நான் ஒன்றும் கெடுத்துவிடவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு எல்லா வசதியும் இருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கேட்காமல் திரும்பி வந்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. விருந்தாளிகள் போனபிறகு எங்கள் சாப்பாடு பாக்கி இருந்தது. மணி மூன்றாகியிருக்கும். எங்கள் சட்டி மீனை அத்தை தானே வறுத்தாள். அம்மா வறுக்கிறேன் என்றபோது கொடுக்கவில்லை. மேலாக இருந்த ஏழையும் தனியாக வறுத்துத் தனித் தட்டில் வைத்ததை நான் மட்டும் பார்த்தேன். அதைக் கொட்டத்தான் பிரித்து வைக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பந்தலுக்கு யாரைச் சொல்வது, பத்திரிகையை எங்கே அடிப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார். அத்தை அந்தத் தனித் தட்டோடு வந்து அவர் இலையில் மூன்று மீனை வைத்தாள். எனக்குத் திக்கென்றது. அத்தைக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும், வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா பேசிக்கொண்டே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். பேச்சு நின்றது. வாயும் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாகப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடும் அத்தை அன்றைக்குப் போகவில்லை. அவர் எதிரிலேயே நின்று அவர் கண்ணைப் பார்த்தாள்.

“எப்பிடி கீதுண்ணா?” என்றாள்.

அப்பா மீனைப் பார்த்தார். அதன் திறந்த வயிற்றைப் பார்த்தார். பிறகு தட்டைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். அங்கேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, முள்ளா?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் இல்ல” என்றார்.

குனிந்து அந்த மீனைத் தின்ன ஆரம்பித்தார். அத்தை நகரவில்லை. நான் உதவி செய்வதாக நினைத்து, அவர் இலையிலிருந்து ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார். “நீ அடுப்பங்கரையில கீற தட்டுல இருந்து எட்த்துக்க” என்றார். மூன்றும் முடிந்தது. அத்தை மிச்சம் நாலையும் ஒவ்வொன்றாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தின்றார். ஒரு வாய் சோறுகூடத் தொட்டுக்கொள்ளவில்லை. முழுவதையும் தின்று முடித்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து, தலை நிமிராமல், “நல்லா கீதும்மா. வெள்ளிக்கெழம அவங்க வராங்க. காலையிலயே தலைக்கு ஊத்திக்க” என்றார்.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏழு கசப்பு மீனையும் தின்றுவிட்டு இந்த அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே, பெரியவர்கள் ஆனால் நாக்கு செத்துப்போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாக விளையாடப் போனேன்.